மோட்டார் கேள்வி–பதில்: தட்டும் இன்ஜின், புகையும் இன்ஜின்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்துக் கடிதங்கள் மட்டும் இந்த முறை. எல்லாமே வேகத்துக்காக வாங்கிய டர்போ பெட்ரோல் கார்கள். எல்லோரும் கேட்பதும் ஒன்றுதான்: இன்ஜினை இறக்கணுமா, வேண்டாமா?

கீழக்கரை வாசகர்: என் கார் 1.8 லிட்டர் டர்போ செடான், 82,000 கி.மீ. ஓடியது. போன வருடம் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மட்டும் திருத்திப் பவரைக் கூட்டுவது) செய்தேன். இரண்டு வாரத்துக்கு முன் ஈ.சி.ஆரில் ஆறாவது கியரில் மெதுவாகப் போகும்போது, லாரியைத் தாண்ட ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்தேன். ‘டங்’கென்று ஒரு சத்தம். அதிலிருந்து ஐடிலில் உதறுகிறது, நீலப்புகை வருகிறது, ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று அடிக்கிறது. ஸ்கேனரில் மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர் (சரியாக எரியவில்லை) என்று காட்டுகிறது. ஒரு மெக்கானிக் ‘காயில்தான்’ என்கிறார். இன்னொருவர் ‘பழைய இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம்’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள். காயிலா (பிளக் பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) என்பதைப் பத்து நிமிடத்தில் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் பிளக்கையும் முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஃபயர் கூடவே முதல் சிலிண்டருக்குப் போனால் காயில் அல்லது பிளக். மூன்றிலேயே நின்றால் பழுது உள்ளே இருக்கிறது. பிளக்கைக் கழற்றியதும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல வெள்ளி நிறப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்தது கம்ப்ரஷன் செக், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை. இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் கரன்ட் போகக் கூடாது, திராட்டில் (காற்று உள்ளே போகும் வாய்) முழுசாகத் திறந்திருக்க வேண்டும், பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. இந்த வகை இன்ஜினில் நல்ல நிலையில் 10 முதல் 13 பார் (அழுத்த அலகு) வரை வரும். அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் முக்கியம். மூன்று சிலிண்டர் 12 காட்டி ஒன்று மட்டும் 6 காட்டினால், பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) அல்லது போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை). ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு). பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஸ்கட்டை.

இதோடு நிறுத்திவிடாமல் லீக்–டவுன் (காற்றுக் கசிவு) சோதனையும் கேட்டு வாங்குங்கள். அந்த சிலிண்டரை கம்ப்ரஷன் முடியும் மேல்நிலையில் நிறுத்தி, கியரில் போட்டு, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நகராமல் பிடித்துக்கொண்டு, சுமார் 7 பார் காற்றை உள்ளே கொடுப்பார்கள். எத்தனை சதவீதம் கசிகிறது என்பதை மீட்டர் காட்டும். 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20 வரை ஓட்டலாம், 30-ஐத் தாண்டினால் திறந்தே ஆக வேண்டும். காற்று எங்கே போகிறது என்று காதை வைத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, திராட்டில் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு, கூலன்ட் டேங்கில் குமிழி வந்தால் கேஸ்கட்.

உங்கள் காரில் ஆயில் மூடியில்தான் கேட்கும் என்று நினைக்கிறோம். குறைந்த சுற்றில், பெரிய கியரில், முழு மிதி: டர்போ நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜினுக்கு இதைவிடக் கொடிய நிலை கிடையாது. பிஸ்டன் ஓரத்தில் தங்கிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் பொறி அடிப்பதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்கிறது. மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை அந்த வெடிப்பு எதிர்த்து அடிக்கிறது. பெரும்பாலும் உடைவது முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வரப்பு. இந்த உடைப்பு கேமராவில் தெரியாது. பிளக் துளை வழியே கேமராவை விட்டால் பிஸ்டன் தலை சுத்தமாகத்தான் இருக்கும். ‘உள்ளே பார்த்தேன், ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ இன்ஜின்களில் உடைந்திருப்பது இந்த வரப்புதான். கேமராவை போர் சுவரில் செங்குத்துக் கீறல் தேடவும் வால்வைப் பார்க்கவும் பயன்படுத்துங்கள்; பிஸ்டன் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சியாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உடைந்தது உறுதியானால் அந்த ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றும் வேலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். அதே ரீமேப், அதே பெட்ரோல், அதே அடியை மற்ற மூன்றும் வாங்கியிருக்கின்றன. உடைந்த துண்டு எங்கே போனது என்றும் தேட வேண்டும். சிலது கீழே சம்பில் (அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) கிடக்கும், சிலது எக்ஸாஸ்ட் வழியே டர்போவுக்குள் போயிருக்கும். டர்பைன் இதழ்களின் நுனியை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பல் விழுந்திருந்தாலும் டர்போவை மாற்றுங்கள். ஆயில் கூலரைக் கழுவிப் போடும் வேலை வேண்டாம், புதிதாகவே வாங்குங்கள். அதன் உள்மடிப்பில் தங்கும் உலோகத் தூளை எந்தக் கெமிக்கலும் முழுசாக வெளியே கொண்டுவராது. புது பேரிங்கை முதல் நாளே தின்பது அந்தத் தூள்தான்.

போர் அளவை மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கு நெடுக்காக இரண்டு திசையில் எடுக்க வேண்டும். ஆறு எண்களையும் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத பட்டறையில் கொடுக்க வேண்டாம். நமது கடலோரத்தில் விசைப்படகு டீசல் இன்ஜின்களில் கைதேர்ந்த லேத்துக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலை மேல் நமக்கு மதிப்பு உண்டு. ஆனால் பெரிய டீசல் லைனருக்குச் சரியாக இருக்கும் இடைவெளி 82.5 மி.மீ. டர்போ பெட்ரோல் போருக்குப் பல மடங்கு அதிகம். மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ பிளாக்கை அனுப்பினாலும் பரவாயில்லை. ஹெட்டுக்குப் பதிலாகக் கனமான பிளேட்டை முறுக்கிவைத்து ஹோனிங் (கல்லால் போரைத் தேய்த்து வட்டமாக்குவது) செய்கிறார்களா என்று முதலில் கேளுங்கள். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது போர் சற்றே நெளியும். நெளிந்த நிலையிலேயே வட்டமாக்கினால்தான் வண்டி ஓடும்போது வட்டமாக இருக்கும்.

பிஸ்டன் விஷயம். கம்பெனி பிஸ்டனுக்கும் போருக்கும் இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ. ஃபோர்ஜ்டு (அச்சில் அழுத்தி அடித்துச் செய்த) பிஸ்டன் என்றால் சூட்டில் அதிகம் விரியும், அதனால் உலோகக் கலவையைப் பொறுத்து 0.08 முதல் 0.10 மி.மீ. வரை வேண்டியிருக்கும். காலையில் குளிர்ந்த ஸ்டார்ட்டில் லேசாகத் தட்டும், சூடானதும் அடங்கும், அது பழுதல்ல. ஸ்டேஜ் 1-ஐத் தாண்டப் போவதில்லை என்றால் ஃபோர்ஜ்டு தேவையில்லை, அந்தப் பணத்தைச் சரியான ரீமேப்புக்குச் செலவிடுங்கள். ரிங்கின் வாய் இடைவெளியைப் பெட்டியில் வந்தபடி விட்டுவிடக் கூடாது. ரிங்கை போருக்குள் வைத்து, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளக்க வேண்டும். கூடுதல் பூஸ்டில் (டர்போ தள்ளும் காற்றழுத்தத்தில்) ஓட்டும் 82.5 மி.மீ. போருக்கு மேல் ரிங் சுமார் 0.40 முதல் 0.45 மி.மீ., இரண்டாவது ரிங் அதைவிடச் சற்று அதிகம். ரிங் தயாரித்தவர் கொடுத்த தாளில் வேறு எண் இருந்தால் அதுவே இறுதி. இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனையும் முட்டிக்கொண்டு, இப்போது உடைந்த அதே வரப்பை மறுபடி உடைக்கும்.

ஹோனிங் முடிந்த போரைப் பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவினால் போதாது. கல்லின் பொடி குறுக்குக் கீறல்களுக்குள்ளேயே தங்கிவிடும். சுடுதண்ணீரில் சோப்புத் தூள் கரைத்து, நைலான் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் வராத வரை தேய்க்க வேண்டும். காற்றடித்து உலர்த்திய கையோடு ஆயில் தடவிவிட வேண்டும். நம் உப்புக் காற்றில் வெறும் இரும்பை வைத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் பழுப்பு ஏறிவிடும். ஏறினால் மறுபடி ஹோனிங்தான்.

பூட்டும்போது ஹெட் போல்ட், ராடு போல்ட் எல்லாம் புதிது. இவை இழுபட்டு நீளும்படி செய்தவை, ஒருமுறைதான். பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடி, தயாரிப்பிலேயே உடைத்துப் பிரித்த வகை; ஒன்றின் மூடி இன்னொன்றுக்கும் பொருந்தாது, திருப்பிப் போட்டாலும் பொருந்தாது. எண் போட்டு வைக்கவும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல், இன்ஜெக்ஷனை நிறுத்தி, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் இன்ஜினைச் சுற்ற வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் அரை மணி நேரம் நிற்கவிடுவது பழைய பழக்கம். ரிங் உட்கார அழுத்தம் வேண்டும். நம் மாவட்டத்தில் மலை ஏற்றம் கிடையாது, ரோடு தட்டையாக நீள்கிறது; ஆகவே அழுத்தத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது கியரில் 2,500-லிருந்து 4,500 சுற்று வரை பாதி மிதியில் ஏற்றி, காலை எடுத்துத் தானாக இறங்கவிடுங்கள். இப்படி ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போய் வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். திரும்பியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பிறகு 800 கி.மீ.யில் ஒருமுறை.

ஆயில் டப்பாவில் ஏ.பி.ஐ. எஸ்.பி. (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி) என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 2020-இல் வந்த தரம் அது, பொறிக்கு முன்பே பற்றும் இந்த முன்பற்றலைத் தடுக்கிறதா என்ற சோதனையும் அதில் அடக்கம். அதோடு கார் கையேட்டில் உள்ள தர எண்ணும் பொருந்த வேண்டும். ரீமேப் செய்தவரிடம் திரும்பிப் போய், 2,500 சுற்றுக்குக் கீழே டார்க்கை (இழுவிசையை) குறைக்கச் சொல்லுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பில் தினமும் சாதாரண பெட்ரோல் போட்டு ஓட்டினீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எந்த பெட்ரோல் உங்களுக்கு நிச்சயமாகக் கிடைக்கிறதோ அதற்குத்தான் மேப் எழுத வேண்டும்.

பழைய இன்ஜின் வாங்குவது தவறல்ல. பணம் கொடுக்கும் முன் அதற்கும் இதே லீக்–டவுன் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். ஆர்.சி.யில் இன்ஜின் எண்ணை மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்கவும் மறக்க வேண்டாம்.

தொண்டி வாசகர்: ஐப்பசி மழையில் ரோட்டில் நின்ற தண்ணீருக்குள் போனபோது கார் நின்றுவிட்டது. முன்பக்க பம்பருக்குக் கீழே ‘கோல்ட் ஏர்’ இன்டேக் போட்டிருக்கிறேன். மெக்கானிக் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றி ஸ்டார்ட் செய்தார். ஓடுகிறது, ஆனால் முன்பில்லாத ஒரு நடுக்கம். கம்ப்ரஷன் பார்த்ததில் 12, 12, 10.5, 12. ‘எல்லாம் ஓகே’ என்கிறார்.

பதில்: ஓகே இல்லை. தயவுசெய்து காரை இன்றே நிறுத்திவையுங்கள்.

தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரின் மேல் பிஸ்டன் ஏறும்போது வளைவது கனெக்டிங் ராடு. வளைந்த ராடு நீளம் குறைந்தது போல. பிஸ்டன் மேலே முழுசாக வராது. 84 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 9.6:1 கம்ப்ரஷன் விகிதமும் உள்ள இன்ஜினில் பிஸ்டன் 1 மி.மீ. தாழ்ந்தால் விகிதம் 8.8:1 ஆகும். 12 பார் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று, ஒன்றேகால் பார் குறையும். உங்கள் மூன்றாவது சிலிண்டர் எண் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

லீக்–டவுன் செய்யச் சொல்லுங்கள். அந்த சிலிண்டரில் கசிவு மற்றவை போலவே இருந்து, கம்ப்ரஷன் மட்டும் குறைந்தால், வளைந்த ராடு என்று ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம். ரிங்கோ வால்வோ பழுதானால் இரண்டு சோதனையும் சேர்ந்தே கெடும். பிளக் துளை நேராக இறங்கும் இன்ஜின் என்றால், நீளமான மெல்லிய கம்பியை விட்டு நான்கு பிஸ்டனும் மேல்நிலையில் எவ்வளவு ஆழத்தில் நிற்கின்றன என்று அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் அரை மி.மீ. தாழ்ந்திருந்தாலும் போதும், இன்ஜினைத் திறக்கலாம். கேமராவில் பார்த்தால் போரின் மேல் ஓரத்தில் கரி படிந்த வளையம் அந்த சிலிண்டரில் மட்டும் அகலமாகத் தெரியும்.

இப்படியே ஓட்டினால் ஒருநாள் வளைந்த இடம் களைத்து உடைந்து, பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். இன்று நான்கு ராடும் பேரிங்கும் கேஸ்கட்டும் போட்டு முடியும் வேலை, அன்று முழு இன்ஜின் ஆகிவிடும். திறக்கும்போது கிராங்க்கின் நேர்த்தியையும் டயல் கேஜில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

இனி தண்ணீரில் நின்றால் சாவியைத் திருப்ப வேண்டாம். தள்ளி வெளியே எடுத்து, போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. புகுந்தது உப்பங்கழித் தண்ணீர் என்றால் அன்றைக்கே பிளக்கைக் கழற்றி, வெளியேற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஆயில் விட்டுச் சுற்றிவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் ரிங் போரோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இன்டேக்கையும் கழற்றிவிடுங்கள்.

மண்டபம் வாசகர்: சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு மினுக்குகிறது. 2,000 சுற்றில் காலை எடுக்கும்போது ‘டொக் டொக்’ என்று அடியிலிருந்து கேட்கிறது. சம்பைக் கழற்றி பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: முதலில் ஆயில் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். தகர ஃபில்டரை ஹேக்சா பிளேடால் அறுக்காதீர்கள், அறுத்த தூளே உள்ளே விழுந்து உங்களை ஏமாற்றும். குழாய் வெட்டும் கட்டரால் வெட்டுங்கள். மடிப்புத் தாளைப் பிரித்து வெயிலில் விரித்து, காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் ரிங், கேம், செயின் பக்கத்து இரும்பு. ஒட்டாமல் செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங்கின் மேல்பூச்சு போய் அடுத்த அடுக்கு தேய்கிறது.

எந்த சிலிண்டர் என்று அறிய, ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்துங்கள். எதை நிறுத்தும்போது தட்டல் குறைகிறதோ அந்த ராடு. எதை நிறுத்தினாலும் மாறாமல், பாரம் ஏறும்போது இன்னும் ஆழமாகக் கேட்டால் மெயின் பேரிங். ஆயில் அழுத்தத்தை உண்மையான மீட்டர் மாட்டி அளக்கவும், விளக்கை நம்ப வேண்டாம். பம்ப் இரண்டு நிலை அழுத்தம் கொடுக்கும் வகையா என்று கையேட்டில் பார்த்துவிட்டு அழுத்த அளவை ஒப்பிடுங்கள்.

தட்டத் தொடங்கிய பிறகு பேரிங் மட்டும் மாற்றுவது பெரும்பாலும் வீண். சம்பை இறக்கி மூடியைக் கழற்றியதும் கிராங்க்கின் ஜர்னலை (பேரிங் உட்காரும் பளபளப்பான பகுதியை) நகத்தால் குறுக்கே வருடுங்கள். நகம் சிக்கினாலோ, நீலம் பாரித்திருந்தாலோ இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும். ராடின் பெரிய கண்ணும் (கிராங்க்கைப் பிடிக்கும் துளை) முட்டை வடிவமாகியிருக்கும். நகம் வழுக்கிப் போய், பேரிங்கில் லேசான தேய்மானம் மட்டும் தெரிந்தால், பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியைக் காட்டும்) இழையை வைத்து இறுக்கிக் கழற்றி இடைவெளியை அளக்கலாம். ஜர்னல் விட்டத்தில் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.001 மி.மீ. என்பது பழகிய கணக்கு, 48 மி.மீ. ஜர்னலுக்கு ஏறக்குறைய 0.05. அந்த நிலையில் கீழிருந்தே எல்லா ராடு பேரிங்கையும் மாற்றலாம்.

சம்ப் கையில் இருக்கும்போதே ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னரைப் பாருங்கள். முன்பு சம்பை ஒட்டியவர் சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகத் தடவியிருந்தால், உள்ளே பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து அந்த வலையை மூடியிருக்கும். நிறையப் பேரிங்குகள் சாவது இப்படித்தான், ஓட்டியவர் மேல் பழி போடப்படும். 3 மி.மீ. தடிப்பில் ஒரு கோடு போதும், போல்ட் துளையின் உள்பக்கமாக.

பாம்பன் வாசகர்: வார இறுதியில் தனுஷ்கோடி ரோட்டில் ஓட்டுவது வழக்கம். திறந்த கூம்பு ஏர் ஃபில்டர் போட்டு ஒன்றரை வருடம். இப்போது 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. நான்கிலும் கம்ப்ரஷன் 8 பார்.

பதில்: நான்கும் ஒரே மாதிரி குறைந்திருப்பதே காரணத்தைக் காட்டுகிறது. ரிங்கைத் தேய்த்தது மணல். அரிச்சல்முனை வரை ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றில் பறக்கும் பொடிமணல், திறந்த கூம்பு நேராக அதைத்தான் இழுக்கிறது. ஃபில்டருக்கு அப்புறம் உள்ள குழாயின் உட்சுவரை வெள்ளைத் துணியால் துடைத்து, விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் வேறு சாட்சி வேண்டாம். டர்போவின் கம்ப்ரஸர் இதழ்களின் முன் விளிம்பும் மழுங்கியிருக்கும். இந்த நிலையில் ரிங் மட்டும் போட்டால் சில ஆயிரம் கி.மீ.யில் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள். போர் தேய்மானத்தை அளந்து போரைப் பெரிதாக்கி ஓவர் சைஸ் பிஸ்டனுக்குப் போகவும். பிளாக்கை இறக்கும் முன்னாலேயே கம்பெனி காற்றுப் பெட்டியும் பேப்பர் ஃபில்டரும் வாங்கி வைத்துவிடுங்கள்.

சாயல்குடி வாசகர்: கூலன்ட் தானாகக் குறைகிறது, வெளியே ஒழுகலே இல்லை. அவசரத்துக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றி வந்தேன்.

பதில்: நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைக் கட்டியாக அடைக்கும். காவிரித் தண்ணீரும் இதற்கு ஆகாது. டிஸ்டில்ட் வாட்டரும் எதிலீன் கிளைக்கால் கூலன்டும் பாதிக்குப் பாதி. இப்போது கூலன்ட் டேங்க் வாயில் நீல நிறச் சோதனைத் திரவம் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். மஞ்சளானால் எரிந்த வாயு உள்ளே வருகிறது, கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றியதும் நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; 0.05 மி.மீ.க்கு மேல் நெளிந்திருந்தால் பிளேன் செய்ய (செதுக்கிச் சமமாக்க) வேண்டும். தண்ணீர்த் துளைகளின் ஓரம் அரித்துக் குழியாகி கேஸ்கட் வளையம் வரை வந்திருந்தால், அதை வெல்டிங்கால் நிரப்பித்தான் பிளேன் செய்ய வேண்டும். குழியோடு புதுக் கேஸ்கட் போட்டால் நிற்காது.

தேவிபட்டினம் வாசகர்: ஆயிலில் ஊற்றும் ‘இன்ஜின் ரிப்பேர்’ டப்பாக்கள் ரிங்கைச் சரிசெய்யுமா?

பதில்: கரியில் ஒட்டிய ரிங் சில நேரம் சுத்தம் செய்யும் திரவத்தால் விடுபடும். உடைந்ததையோ தேய்ந்ததையோ எந்தத் திரவமும் வளர்க்காது. டப்பாவுக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு லீக்–டவுன் சோதனை செய்துகொள்ளுங்கள்.